இந்தியா–பாகிஸ்தான் என்றால் இன்னும் படபடக்கிறதா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: பரம்பரையாக எதிரெதிரே நிற்கும் அணிகளின் மோதல். அதனால் செஸ், டென்னிஸ் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்திருக்கிறேன். அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சார், இந்தியா–பாகிஸ்தான் மேட்ச் அன்று என் அப்பா சாப்பிட மாட்டார். டாஸ் போடுவதற்கு முன்பே அதே பழைய நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. எப்படியும் நாம்தான் ஜெயிப்போம் என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சூர்யகுமார் யாதவே 2025 ஆசியக் கோப்பையின்போது, இதை இனிமேல் பெரிய போட்டி என்று சொல்லாதீர்கள் என்றுவிட்டார். போட்டி செத்துவிட்டதா, இல்லை எனக்கு ரசனை போதாதா?
— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

தம்பி, உங்கள் ரசனையில் ஒரு குறையும் இல்லை. உங்களுக்குக் கிடைத்ததுதான் குறைவு.

சூர்யகுமாரின் கணக்கை முதலில் பார்ப்போம். இரண்டு பக்கமும் வெற்றி கிட்டத்தட்ட சமமாக இருந்தால்தான் அது போட்டி, ஒரே பக்கம் ஜெயித்துக்கொண்டிருந்தால் இல்லை என்பது அவர் வாதம். துபாயில் அந்தச் செப்டம்பரில் இரண்டு வாரத்தில் மூன்று முறை ஜெயித்தது அவருடைய அணி. அந்த சமயத்தில் அவருக்கு அப்படித் தோன்றியிருக்கும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1986 ஏப்ரலில் ஷார்ஜாவில் நம் சேத்தன் சர்மா போட்ட கடைசிப் பந்தை பாகிஸ்தானின் மியாண்டட் சிக்ஸருக்குத் தூக்கினார். அதற்குப் பிறகு பல வருடம் ஷார்ஜா என்றாலே நமக்கு அடிதான். வெள்ளிக்கிழமை மேட்ச் என்றால் எங்கள் தெருவில் பெரியவர்களுக்கே வயிறு கலங்கும். அந்த நாளில் இம்ரான் கானோ மியாண்டடோ 'இந்தியாவோடு ஆடுவது இனி ஒரு போட்டியே இல்லை' என்று சொல்லியிருந்தால் உங்கள் அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்? அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். 50 ஓவர் உலகக் கோப்பையில் நாம் எட்டுக்கு எட்டு ஜெயித்திருக்கிறோம், சரி. ஒருநாள் ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் இன்றைக்கும் அவர்கள் ஜெயித்ததுதான் அதிகம்.

நீங்கள் போனைப் பார்ப்பதற்கு வெற்றி தோல்வி காரணமில்லை என்று நினைக்கிறேன். ஒன்று செய்யுங்கள். இப்போதைய பாகிஸ்தான் அணியில் ஐந்து பேர் பெயரை யோசிக்காமல் சொல்லிப் பாருங்கள். அவர்களில் யார் யார்க்கர் நன்றாகப் போடுவார், யார் ஷார்ட் பந்துக்குத் தடுமாறுவார் என்று சொல்ல முடிகிறதா? உங்கள் அப்பாவிடம் 1990களின் அணியைக் கேளுங்கள். வாசிம் எத்தனை அடி எடுத்து ஓடி வருவார், வக்காரின் பந்து கடைசி நேரத்தில் எப்படிக் கால் விரலைத் தேடி வரும், இஜாஸ் அகமது எப்படிக் குனிந்து நிற்பார் என்று கையை ஆட்டிக் காட்டுவார். அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது அந்த மனிதர்களுக்காக. பயந்தது அவர்களைப் பார்த்து.

இந்தியாவும் பாகிஸ்தானும் கடைசியாக டெஸ்ட் ஆடியது 2007 டிசம்பரில், பெங்களூரில். அந்த மாதம் பிறந்த குழந்தைக்கு ஓட்டுப் போடும் வயது வந்துவிட்டது. இரு நாட்டுத் தொடர் என்று கடைசியாக நடந்தது 2012–13 குளிர்காலத்தில். ஐ.பி.எல்.லில் பாகிஸ்தான் வீரர்கள் ஆடியது முதல் வருடம் மட்டும். 2008 மே மாதம் ஜெய்ப்பூரில் நம்ம சென்னை அணியை 14 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்துச் சாய்த்தாரே சொஹைல் தன்வீர், அவர் ராஜஸ்தானுக்கு ஆடிய பாகிஸ்தான்காரர். அந்த நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்தது. கதவு மூடிவிட்டது.

வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ, துபாயிலோ கொழும்பிலோ, 20 ஓவர். வருகிறார்கள், ஆடுகிறார்கள், போகிறார்கள். முகம் பழகவில்லை. முகம் பழகாதவர்களோடு எப்படி தம்பி படபடப்பு வரும்?

1999இல் சேப்பாக்கத்தில் நம் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது என்று என் மாமா அடிக்கடி சொல்வார். பெரியவர்கள் கொஞ்சம் சேர்த்துச் சொல்வார்கள் இல்லையா? தோற்றுப்போன கூட்டம் கைதட்டுமா?
— வாசகி, திருச்சி

உங்கள் மாமா ஒன்றும் சேர்க்கவில்லை அம்மா. நான் அங்கே இருந்தேன்.

அப்போது விழுப்புரம் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்தேன். வியாழன், வெள்ளி இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, திருவல்லிக்கேணியில் பெரியப்பா வீட்டில் தங்கி நான்கு நாளும் பார்த்தேன். பெரியப்பாவுக்கு அது நான்காவது மெட்ராஸ் பாகிஸ்தான் டெஸ்ட். 1961இல் நேரு ஸ்டேடியத்தில் போர்டே 177 அடித்ததைப் பார்த்தவர். 1980இல் சேப்பாக்கத்தில் கவாஸ்கர் 166 அடித்து, கபில் ஏழு விக்கெட் எடுத்து ஜெயித்ததையும், 1987இல் இம்ரான் 135 அடித்ததையும் பார்த்தவர். கையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும், கட்டம் போட்டது. ஒவ்வொரு பந்தையும் பென்சிலில் எழுதுவார்.

அந்தத் தொடரே நடக்குமா என்று இருந்தது. ஜனவரி முதல் வாரத்தில் தொடரை எதிர்த்தவர்கள் டெல்லி கோட்லா மைதானத்தின் பிட்ச்சைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதனால்தான் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. பெல்ஸ் ரோடு முழுக்க போலீஸ். தண்ணீர் பாட்டிலைக் கூட உள்ளே விடவில்லை. பெரியப்பாவின் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

நான்காம் நாள், ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. நமக்கு 271 வேண்டும். முந்தின நாள் மாலை வெங்கடேஷ் பிரசாத் பந்து போட்டு அவர்களை 275க்கு 4 என்ற இடத்திலிருந்து 286க்கு உருட்டியிருந்தார். அஃப்ரிடியின் 141 வீணாகப் போகப்போகிறது என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் அன்று மாலையே நம் பக்கம் 6 ரன்னில் இரண்டு பேர் போயிருந்தார்கள். மறுநாள் திராவிடுக்கு வாசிம் போட்ட பந்து, உள்ளே வருவது போல வந்து வெளியே திரும்பி ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. பெரியப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு "இதுக்கு யார் என்ன பண்ண முடியும்" என்றார். கங்குலி அவுட்டில் பந்து தரையில் பட்டதா இல்லையா என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். 82க்கு 5.

அப்புறம் சச்சினும் மோங்கியாவும். 136 ரன் சேர்த்தார்கள். சச்சினுக்கு முதுகு வலி. ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சக்லைன் முஷ்டாக் ஓயாமல் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய இன்னொரு பந்து, ஆஃப் ஸ்பின் போலவே வந்து எதிர்ப்பக்கம் திரும்புமே, அதை எங்கள் வரிசையில் இருந்தவர்கள் அவர் கையை வைத்தே கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். "இது அது", "இல்லை, இது சாதா" என்று பந்தயம். ஒரு கல்லூரிப் பையன் மூன்று முறை சரியாகச் சொன்னான். எதிரணிப் பந்து வீச்சாளரை இப்படி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த கூட்டம் அது.

மோங்கியா 52இல் போனார். சச்சின் அடிக்க ஆரம்பித்தார். 254 வந்துவிட்டது. 17 ரன்தான். 136 அடித்திருந்த மனிதர் சக்லைனைத் தூக்கி அடிக்கப் போய், பந்து உயரே போய், வாசிம் அக்ரம் கையில் இறங்கியது. அந்த நேரத்தில் சேப்பாக்கத்தில் கடல் காற்றுச் சத்தம் கேட்டது என்றால் நம்புவீர்களா? மீதி மூன்று விக்கெட்டும் நான்கு ரன்னில் போயின. 258. பன்னிரண்டு ரன்னில் தோற்றோம்.

பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் நடுவில் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கேலரியில் யாரும் பேசவில்லை. யாரும் கிளம்பவுமில்லை. பிறகு எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் கேட்டது. யார் முதலில் எழுந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி வரத் தொடங்கியபோது எங்கள் பகுதி முழுக்க நின்றுகொண்டிருந்தது. பெரியப்பாவுக்கு முழங்கால் வலி, முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. தோல்விக்கு அழுதேனா, இதற்கு அழுதேனா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எல்லா இடத்திலும் இப்படி நடந்தது என்று சொல்ல வரவில்லை. அடுத்த மாதமே ஈடன் கார்டனில் சச்சின், ஷோயப் அக்தரோடு மோதி ரன் அவுட் ஆனதும் கலவரமாகி, கடைசி நாள் கேலரியைக் காலி செய்து வெறும் மைதானத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். மே மாதம் கார்கில் போர் வந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சேப்பாக்கத்தில் கைதட்டியவர்களுக்கு வெறி குறைவு என்று யாராவது சொன்னால் கோபம் வரும். நான்கு நாள் தூங்காமல் இருந்தோம். சக்லைனின் பத்து விக்கெட்டில் ஒவ்வொன்றையும் சபித்துக்கொண்டே பார்த்தோம். அதனால்தான் அதன் விலை தெரிந்தது.

நான் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழன். கொல்கத்தா வந்து இருபது வருடம். எங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டால் கிரிக்கெட்டெல்லாம் இரண்டாம்பட்சம், ஈஸ்ட் பெங்கால்–மோகன் பகான் ஃபுட்பால்தான் என்பார்கள். அதைப் பற்றி நீங்கள் எழுதுவதே இல்லையே?
— வாசகர், கொல்கத்தா

நியாயமான குறை. நான் பார்த்தது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் டி.வி.யில். 1997 ஜூலை, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 1,31,000 பேருக்கு மேல். இந்தியாவில் எந்த விளையாட்டுக்கும் அவ்வளவு கூட்டம் கூடி நான் பார்த்ததில்லை. மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா ஆட்டத்துக்கு முன் எதிரணியைக் கேலி பேசியிருந்தார். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 4–1.

தமிழ் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மோகன் பகான் 1889இல் தொடங்கியது. 1911இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஒரு பிரிட்டிஷ் ராணுவ அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு எடுத்த கிளப். ஈஸ்ட் பெங்கால் 1920இல் வந்தது. பிரிவினையில் கிழக்கு வங்கத்திலிருந்து வீட்டை விட்டு வந்தவர்களுக்கு அது ஊருக்குப் பதில் கிடைத்த ஊர். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால். சந்தையில் விலையே ஏறும் என்பார்கள். நம் ரசிகர்கள் பாட்டு வைத்துக்கொள்கிறோம், அவர்கள் மீன் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அதற்கு ஒரு இருண்ட நாளும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன். கேலரியில் அடிதடி, நெரிசல், 16 ரசிகர்கள் வீடு திரும்பவில்லை. அதையும் சொல்லாமல் மீன் கதை மட்டும் சொல்வது சரியாகாது.

இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு 2024 ஆகஸ்டைச் சொல்வேன். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் அந்தப் பெண் மருத்துவருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, பாதுகாப்பைக் காரணம் காட்டி டியூரண்ட் கோப்பையில் இந்த இரு அணிகளின் ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லாத அந்த மாலையில் இரண்டு கிளப் ரசிகர்களும் சேர்ந்து ஸ்டேடியத்துக்கு வெளியே வந்து நீதி கேட்டார்கள். ஒரு கிளப் சட்டைக்காரர் இன்னொரு கிளப் சட்டைக்காரரைத் தோளில் தூக்கிய படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நூறு வருடம் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். ஒருவரை ஒருவர் அவ்வளவு நன்றாகத் தெரியும்.

சென்னை–மும்பை, சென்னை–பெங்களூரு எல்லாம் உங்களுக்குப் போட்டியாகவே தெரியாதா? எப்போதும் பழைய கதைதானா?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, மதுரை

தெரியும் மா, நன்றாகவே தெரியும். 2019 ஹைதராபாத் இறுதி ஆட்டத்தில் கடைசிப் பந்தில் மலிங்கா ஷர்துலை எல்பிடபிள்யூ எடுத்து மும்பை ஒரே ரன்னில் ஜெயித்ததே, அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. நான்கு இறுதி ஆட்டங்களில் மோதி மூன்றில் மும்பை, ஒன்றில் நாம். கோப்பை இரண்டு பேருக்கும் ஐந்தைந்து. 2024 மே 18, பெங்களூருவிடம் தோற்று நாம் வெளியேறிய அந்த மழை இரவும் எனக்கு நினைவிருக்கிறது.

ஏலத்தில் ஆள் மாறுகிறார்களே, ஹர்பஜனும் ராயுடுவும் மும்பையிலிருந்து இங்கே வந்தார்களே, இதில் என்ன பகை என்று சிலர் கேட்பார்கள். அதை நான் குறையாக நினைக்கவில்லை. நேற்று நம்மை அடித்தவர் இன்று நம் சட்டையில் வருகிறார், அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் உங்கள் வயதுப் பிள்ளைகள் எதிரணி ரசிகரின் அம்மாவை இழுத்து எழுதுவதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. நீங்கள் செய்யமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கட வடக்கின் பெரும் சமரைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கோ ஐயா.
— வாசகர், யாழ்ப்பாணம்

சந்தோஷமாக. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904இல் தொடங்கிய கிரிக்கெட் ஆட்டம். மார்ச் மாதம் மூன்று நாள். இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932இல்தான் என்பதை நினைத்தால் அதன் வயது புரியும். டொரண்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் அதற்காக லீவு போட்டு ஊர் திரும்புகிறார்கள் என்று உங்கள் ஊர் நண்பர் ஒருவர் எனக்குச் சொன்னார். ஒரு மார்ச்சில் நானும் வர வேண்டும்.

ஆசியக் கோப்பையில் நம் வீரர்கள் பாகிஸ்தான் வீரர்களோடு கை குலுக்காதது சரியா, தப்பா? சுற்றி வளைக்காமல் பதில் சொல்லவும்.
— ஓய்வுபெற்ற ராணுவ வீரர், வேலூர்

ஐயா, நீங்கள் எல்லையில் நின்றவர். நான் கேலரியில் நின்றவன். அந்த மரியாதையோடு சொல்கிறேன்.

பஹல்காமில் 26 பேரைக் கொன்ற ஐந்து மாதத்துக்குள் அந்த ஆட்டம் நடந்தது. ஆடவே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். ஆடுவது என்று அரசும் வாரியமும் முடிவு செய்து, டிக்கெட் விற்று, விளம்பரமும் ஓட்டிய பிறகு கையை மட்டும் மடக்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தச் சுமையை 22 வயதுப் பையன்களின் தோளில் ஏற்றிவிட்டார்கள். இறுதி ஆட்டத்தில் திலக் வர்மா 69 அடித்து ஜெயித்துக் கொடுத்தார். அந்த இன்னிங்ஸைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? கோப்பையை யார் கையிலிருந்து வாங்குவது என்றுதான் நாடு முழுக்கப் பேச்சு.

நீரஜ் சோப்ராவையும் அர்ஷத் நதீமையும் நினைத்துக்கொள்கிறேன். 2016 குவஹாத்தியிலிருந்து ஒரே மைதானங்களில் ஈட்டி எறிந்து வந்தவர்கள். 2023 புடாபெஸ்டில் நீரஜ் தங்கம், நதீம் வெள்ளி. 2024 பாரிஸில் நதீம் 92.97 மீட்டர் எறிந்து தங்கம் எடுத்தார், நீரஜ் 89.45இல் வெள்ளி. நீரஜின் அம்மா அன்று, தங்கம் எடுத்தவனும் நம் பிள்ளைதான் என்றார். பஹல்காமுக்குப் பிறகு நீரஜே, இனி முன்போல இருக்காது என்று சொல்லிவிட்டார். அதைப் படித்த அன்று எனக்கு மனசு கனத்துவிட்டது. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம். எழுதுங்கள், வெளியிடுகிறேன்.

சேப்பாக்கத்தில் மறுபடி ஒரு இந்தியா–பாகிஸ்தான் டெஸ்ட் நடந்தால் போவீர்களா?
— வாசகர், கடலூர்

முதல் நாள் முதல் பந்துக்கு முன்பே. பெரியப்பா இப்போது இல்லை. அவருடைய 1999 நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. 258 என்று எழுதிக் கோடு போட்ட பக்கத்துக்குப் பிறகு நிறையப் பக்கம் காலியாக இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போவேன்.